ஆள்காட்டி

ஒருவரைப் பற்றி அதிகாரத்திடம் போய்ச் சொல்லுவதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்றுகூடக் கிடையாது. காட்டிக்கொடுத்தல், போட்டுக்கொடுத்தல், கோள் சொல்லுதல் என்று இருக்கிறவை எல்லாம் சொல்லுகிறவனைக் கீழே தள்ளுகிற சொற்கள். யூதாஸ் செய்த காரியத்துக்கு விவிலியத் தமிழ் எடுத்துக்கொண்டதும் காட்டிக்கொடுத்தலைத்தான். எட்டப்பன் என்ற பெயர் வசையாகவே நிலைத்துவிட்டது; வரலாறு அவ்வளவு எளிமையானதுதானா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. ‘துப்பு’ ஒன்றுதான் சற்று நடுநிலையாக நிற்கிறது. அதுவும் ‘துப்புக் கொடுத்தவன்’ என்று ஒரு ஆளோடு சேர்ந்த உடனே கெட்டுப்போகிறது.

இவற்றுக்கு நடுவே ஆள்காட்டி என்ற சொல் தனியாக நிற்கிறது. அது ஒரு பறவையின் பெயர். கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசைமடிப்பும் நீண்ட மஞ்சள் கால்களும் உள்ளது. வெட்டவெளித் தரையில், கூடு என்று சொல்லும்படி எதுவும் கட்டாமல் முட்டையிடுவது. மனிதன் பக்கத்தில் வந்தால் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு கத்தும். அந்தக் கத்தலில் சுற்றுவட்டாரத்துப் பிராணிகள் எல்லாம் உஷாராகிவிடும். வேட்டைக்காரனுக்கு இந்தப் பறவை ஆகாது. பெயர் வைத்தவனும் அவனாகத்தான் இருக்கவேண்டும். ஆளைக் காட்டிவிடுகிறது என்பது அவன் தரப்புப் புகார். முயலிடமோ மானிடமோ பெயர் வைக்கும் பொறுப்பு இருந்திருந்தால் வேறு சொல் பிறந்திருக்கும்.

வனவிலங்குகளுக்கு எதிரான குற்றங்களைத் தடுப்பதில் அதிகாரிகளுக்கு உதவுவது என்று அறிவிப்புப் பலகைகளில் எழுதப்படுகிற காரியத்தை, நான் இந்தச் சொற்களின் வழியாகவேதான் யோசிக்கவேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடா ஓரத்து ஊர் ஒன்றில் கிளை அஞ்சலகத்தை நடத்துகிறவன் நான். அந்த ஊர்க்காரன் அல்ல. 2014இல் நடந்த ஒரு பறிமுதலுக்கு மகஜர் சாட்சியாகக் கையெழுத்திட்டேன். அதனால் இது எனக்குப் பொதுவான விஷயமாக இல்லை.

பறிமுதலானது கடல் அட்டை. நம் எழுத்தில் புலி வரும், யானை வரும், மயில் தாராளமாகவே வரும். கடல் அட்டை வந்ததில்லை. அதற்கு முகம் கிடையாது. மூளை என்று சொல்லத்தக்க உறுப்பு கிடையாது. கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகல்களைத் தின்று, மணலைச் சுத்தமாக வெளியே தள்ளுகிறது. நிலத்தில் மண்புழு செய்கிற வேலை. ஆபத்து வந்தால் சில வகைகள் தங்கள் குடலையே வெளியே கக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். குடல் பிறகு வளர்ந்துவிடும். மீனவர்கள் இதில் வெள்ளை அட்டை, ராஜா அட்டை, நூலட்டை என்று வகை பிரிப்பார்கள். குடல் எடுத்து, அவித்து, ஈர மணலில் புதைத்து, மேல்தோல் போகத் தேய்த்து, மறுபடி அவித்து உலர்த்தினால் கருங்கட்டை மாதிரி ஒன்று மிஞ்சும். சீனர்களின் விருந்துகளுக்காக இது நெடுங்காலமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தது. நம் கரையில் யாரும் தின்பதில்லை.

2001இல் மத்திய அரசு கடல் அட்டை இனங்கள் எல்லாவற்றையும் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாகச் சேர்த்தது. மீன்பிடிப்பாக இருந்தது ஒரு அறிவிப்பில் வேட்டையாக ஆயிற்று. வெள்ளை அட்டை அழிவின் விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதில் சந்தேகமில்லை; 2013இல் உலக அளவிலான பட்டியலிலும் அது அழிவாபத்தில் உள்ள இனமாகக் குறிக்கப்பட்டது. ஆனால் 1988இலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் அதே வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருந்தது. வளர்த்து எடுக்கலாம் என்ற அந்த வழியையும் தடை சேர்த்து அடைத்துவிட்டது. இதில் இன்னொரு சிக்கல், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் பெற்றால் அட்டை பிடிக்கலாம். ஒரே ஜலசந்தி, ஒரு கரையில் தொழில், மறு கரையில் குற்றம். இந்த வித்தியாசத்தில்தான் கடத்தல் லாபம் உட்கார்ந்திருக்கிறது.

தடை சரியா தவறா என்பதில் எனக்கு முழுத் தெளிவு உண்டென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கொலைக்கு உறவுக்காரன் இருக்கிறான். திருட்டுக்குப் பொருளுக்குரியவன் இருக்கிறான். வழக்கைக் கொண்டுபோக அவர்கள் உண்டு. முகமில்லாத ஒரு பிராணி இல்லாமல் போவதற்கு, பார்த்த கண்ணைத் தவிர வேறு நாதியில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அதிகாரிக்கு அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் தரலாம் என்று ஒரு பிரிவு சொல்கிறது. கண்டுபிடிக்க உதவியவருக்கு அபராதத்தில் பாதிவரை வெகுமதியாகத் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்கிறது இன்னொரு பிரிவு. முதலாவது மனிதனை உயர்த்துகிறது. இரண்டாவதைப் படிக்கும்போது முப்பது வெள்ளிக்காசு ஞாபகத்துக்கு வராமல் போவதில்லை.

அன்று காலை வனவர் அஞ்சலகத்துக்கு வந்தார். பனங்காட்டுக்குள் அட்டை பிடிபட்டிருக்கிறது, மகஜருக்கு இரண்டு பொதுச் சாட்சிகள் வேண்டும், ஊரில் ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்றார். போனேன். ஓலைக் கொட்டகை. அடுப்பில் பெரிய அலுமினியத் தேக்சா. மூன்று பிளாஸ்டிக் பேரல்களில் கடல்தண்ணீரும் உயிருள்ள அட்டைகளும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரும் அவருடைய சகோதரி மகனும் தரையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். பெரியவரின் இரண்டு கைகளும் முழங்கைவரை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன.

மகஜர் எழுதியவர் ‘சுமார் 200 உருப்படிகள்’ என்று எழுதப் போனார். மகஜர் நடை எனக்குப் பிடித்தமானது. அடைமொழி இல்லாமல், உவமை இல்லாமல், வடக்கே இது தெற்கே அது என்று இடத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போகும். நம்மில் பலர் கவிதையில் கொண்டுவர ஆசைப்பட்ட வறட்சி அதில் இயல்பாகவே உண்டு. அந்த நடையில் ‘சுமார்’ வந்து உட்கார்ந்ததைப் பொறுக்கமுடியவில்லை. எண்ணிவிடலாமே என்றேன். வனக்காப்பாளர் ஒருவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க எண்ணினேன். 212. கையெழுத்திட்டேன். மறுநாள் நடுவரின் உத்தரவு வாங்கி அவற்றைக் கடலில் விட்டார்கள் என்று சொன்னார்கள், நான் பார்க்கவில்லை.

ஊரார் சாட்சிக்கு வராததைக் கோழைத்தனம் என்றும் உறவுப் பாசம் என்றும் வனவர் விளக்கினார். எனக்கு அது போதவில்லை. காக்கி உடை போட்டவரிடம் பேசுவது பற்றி இந்த மாநிலத்தின் ஏழைகளுக்கு ஒரு நினைவு இருக்கிறது. 1992 ஜூன் 20ஆம் தேதி தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள்; மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். உயர்நீதிமன்றம் 2023இல் அதை உறுதிசெய்தது. வீரப்பன் காலத்தில், அதாவது 2004 வரை, அந்தக் காட்டோரத்து ஜனங்களுக்கு இரண்டு பக்கமும் இடி. அதிரடிப்படைக்குத் துப்புக் கொடுத்தான் என்று ஒருவன் செத்தான். துப்புக் கொடுக்க மறுத்தான் என்று இன்னொருவன் அடிபட்டான். 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இழப்பீடு தரச் சொன்னது. அழியும் உயிர்களைக் காப்பதற்காக அதிகாரத்துக்கு உதவுங்கள் என்று ஒருவரிடம் கேட்கும்போது, இந்த அதிகாரத்துக்கு என்பதையும் சேர்த்தே கேட்கிறோம். காட்டிக்கொடுத்தல் கேவலம் என்று மொழி சொல்வது மூடநம்பிக்கை அல்ல. அது ஜனங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் கரையிலும் இது வேறு உருவத்தில் உண்டு. 1986இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளைத் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே அந்தத் தீவோரங்களில் முங்கிப் பாசி எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த பெண்கள், அதே தண்ணீரில் அத்துமீறுகிறவர்களாக ஆனார்கள். கடலை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. பவளப்பாறையில் எது செத்தது எது உயிரோடிருக்கிறது என்று அவர்கள் தண்ணீருக்குள் தொட்டுச் சொல்வார்கள். அந்த அறிவுக்கு அதிகாரத்தின் பதிவேட்டில் ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை.

ஒதுக்கப்பட்ட இடம் ஒன்று எனக்குத் தெரியும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் ஏற்பட்டது. அதற்கு முன்னால் அவர்கள் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். சட்டம் வந்து தோல் வியாபாரத்தை நிறுத்தியபோது, அவர்கள் ஒரே நாளில் வெறும் திருட்டு வேட்டைக்காரர்களாக மிஞ்சியிருக்கலாம். அப்படி ஆகாமல், அனுமதி பெற்று நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, சில வாரங்களில் திரும்ப விட்டுவிடும் தொழில் உண்டாயிற்று. விஷமுறிவு மருந்து அதிலிருந்து வருகிறது. 2023இல் அவர்களில் இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மணலில் ஊர்ந்த தடத்தைப் படிக்கும் கண் ஒன்றேதான். தோலுக்காகப் படித்தபோதும் விஷத்துக்காகப் படிக்கும்போதும் அது மாறவில்லை. அங்கே யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவேண்டியிருக்கவில்லை. கடல் அட்டை விஷயத்தில் அப்படி ஒரு ஏற்பாடு எங்கள் கரைக்கு வரவில்லை. எங்களுக்கு வந்து சேர்ந்தது மகஜர் மட்டுமே.

ஏழு வருடம் கழித்துச் சம்மன் வந்தது. கோர்ட் வராந்தாவில் காத்திருந்தபோது பெரியவரின் மனைவி என்னிடம் வந்தார்.

“எண்ணுனது நீங்கதானாமே சார்?” என்று கேட்டார்.

“ஆமாம்மா” என்றேன்.

“அவரு கூலிக்குத்தான் சார் அவிச்சாரு. மொதலாளி யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரியவருக்காக ஆஜராகியிருந்த வக்கீலின் பீஸ், கூலிக்கு அவிக்கிறவரால் கட்டக்கூடியது அல்ல. அது எங்கிருந்து வருகிறது என்பதும் வராந்தாவில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு முன்னால் கூண்டில் ஏறிய மற்றொரு மகஜர் சாட்சி, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார். பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். வனத்துறையினர் கேட்டுக்கொண்டதால் கையெழுத்துப் போட்டீர்கள், அவ்வளவுதானே என்று வக்கீல் என்னைக் கேட்டார். எளிதான கேள்வி. ஆமாம் என்றால் போதும், நான் பஸ் பிடித்து வந்துவிடலாம். நேரில் பார்த்தேன், எண்ணினேன், 212 என்றேன். எண்ணியவனுக்கு மறுப்பதற்கு இடமில்லை. இந்தப் பேரல்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று இரு தரப்பிலும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமுடியாது. நான் பார்த்தது கொட்டகையையும் தேக்சாவையும் பெரியவரின் வெளுத்த கைகளையும்தான். சாட்சிப் படியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெரியவருக்கு மூன்று வருடமும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. முதல் அட்டவணைப் பிராணி என்றால் அன்றைய சட்டப்படி அதற்குக் குறைத்துக் கொடுக்க நடுவருக்கு வழியில்லை. உடைமையில் இருந்தது என்று நிரூபணமானால் அது முறையானது என்று காட்டவேண்டிய பாரமும் குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான். சகோதரி மகன் விடுதலை. மேல்முறையீடு போடப்பட்டு, பெரியவர் ஜாமீனில் இருக்கிறார்.

சாட்சி என்பது வடமொழியில் கண்ணோடு சேர்ந்த சொல். கௌரவமானது. பார்த்ததை, பார்த்த அளவுக்கு, எல்லோர் முன்னிலையிலும், தன் பெயரோடு சொல்லுவது. பிறருக்குத் தீங்கு நினைத்தவன் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. ஆனால் கடற்கரைக் குற்றத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பவர் எப்போதும் அடுப்பு மூட்டுகிறவர்தான். பணம் போட்டவர் பேரலைத் தொடுவதில்லை. அவர் யாருடைய கண்ணிலும் படாதபடிதான் அந்தத் தொழில் அமைந்திருக்கிறது. ஆகவே நம் மொழி மதிக்கிற சாட்சி, பெரியவரோடு நின்றுவிடுகிறது. முதலாளிவரைக்கும் போகக்கூடியது, பார்க்காமல் தெரிந்துவைத்திருக்கிற விஷயம்தான்: யார் யாரிடம் முன்பணம் வாங்கினார்கள், எந்த வண்டி எந்த ராத்திரி வந்தது என்பதெல்லாம். அதைச் சொல்லுகிறவனுக்கு நாம் வைத்திருக்கிற பெயர் ஆள்காட்டி. கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளுகிறவன் ஏழையை மட்டும் உள்ளே அனுப்புகிறான். இந்தக் கணக்கு எனக்கு வராந்தாவில்தான் புரிந்தது. புரியவைத்தவர் அந்த அம்மாள்.

தெரிந்தது என்பது ஆபத்தான பொருள் என்பதையும் மறக்கக்கூடாது. அதில் பொறாமை கலக்கும், வரப்புத் தகராறு கலக்கும், சாதி கலக்கும். வீரப்பன் காட்டோரத்தில் அடிபட்ட பலர் யாருக்கோ ‘தெரிந்ததால்’ அடிபட்டவர்கள். தகவல் தண்டனை ஆகாமல், விசாரணைக்குத் தொடக்கமாக மட்டும் இருந்தால் இந்த ஆபத்து குறையும். அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றவேண்டியது கேட்டுக்கொள்ளுகிற அதிகாரி. அவர் காப்பாற்றுவாரா என்பது முன்கூட்டித் தெரிவதில்லை.

தீர்ப்புக்கு மறு மாதம் நான் மாவட்டத் தலைநகருக்குப் போய் ஒரு அதிகாரியைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இது நான் பார்த்தது, இது கேள்விப்பட்டது, இது என் ஊகம் என்று மூன்றாகப் பிரித்து எழுதியே கொடுத்தேன். அவர் வெகுமதி பற்றிச் சொன்னார், வேண்டாம் என்றேன். “உங்க பேரு வெளிய வராது சார், கவலைப்படாதீங்க” என்றார். அன்போடுதான் சொன்னார். காகிதத்தின் அடியில் என் பெயரையும் முகவரியையும் ஏற்கெனவே எழுதியிருந்தேன். அந்தப் பறவை ஒளிந்துகொண்டு யார் காதிலும் ஓதுவதில்லை. யாரைக் காட்டுகிறதோ அவன் தலைக்கு மேலேயே, அவனும் கேட்கும்படிக் கத்துகிறது. தரையில் முட்டை வைத்திருக்கிற பிராணிக்கு வேறு உபாயம் இல்லை. அந்த அளவுக்கு நான் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பெயரை எழுதினேன், அவ்வளவே.

காகிதம் என்ன ஆயிற்று என்று போய் விசாரிக்கவில்லை. பெரியவரின் மனைவி சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட மாதாமாதம் அஞ்சலகத்துக்கு வருகிறார். பேசுகிறார், மேல்முறையீட்டில் வாய்தா எப்போது என்று சம்மனைக் காட்டிப் படித்துச் சொல்லச் சொல்கிறார். முதலாளி வீட்டு ஆட்களும் முன்பெல்லாம் வருவார்கள், பேசுவார்கள். இப்போது அவர்கள் கடிதங்களைப் பக்கத்து ஊர் அஞ்சலகத்தில் போடுகிறார்கள்.